வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு: கீரைக்கட்டைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிற பெண்கள் இப்போது எல்லாத் தெருவிலும் இருக்கிறோம். போர்டு கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது, மூன்று பிள்ளை வரும், ஐந்து வரும், பள்ளிக்கூடம் லீவு என்றால் அண்ணன் அக்காவும் சேர்ந்து வந்து வீடு நிறைந்துவிடும். இது அப்படிப்பட்டவர்களுக்காக எழுதுவது. பக்கத்து ஊர் மண்ணில் விளைகிற காயும் கீரையும் பழமும் இந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமாக வேண்டுமென்றால் நாம் என்ன செய்யலாம் என்று, நான் மதுரையில் செய்துவருவதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊரில் காய் வேறாக இருக்கும், செய்கிற முறை ஏறக்குறைய இதுதான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதற்கென்று தனியாக ஒரு வகுப்பு, ஒரு சார்ட், ஒரு ஆக்டிவிட்டி என்று எதையும் தொடங்க வேண்டாம். தொடங்கினால் இரண்டு வாரத்தில் நின்றுபோகும், ஏனென்றால் ஒருவனை உட்காரவைக்கும் நேரத்தில் இன்னொருத்தி ஜட்டியை நனைத்துவிட்டு நிற்பாள். ப்ளே ஸ்கூலில் எல்லோரையும் பச்சைச் சட்டை போட்டு வரச்சொல்லி பிளாஸ்டிக் கேரட்டைக் காட்டுகிறார்கள் என்றால் அங்கே சமையலறை இல்லை, அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறது. எப்படியும் தினம் காய் வாங்கப்போகிறோம், ஆயப்போகிறோம், கழுவி நறுக்கி ஆக்கப்போகிறோம். அந்த வேலையைப் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் அவசர அவசரமாக முடிக்காமல் அவர்கள் கண்முன்னால், முடிந்த மட்டும் அவர்கள் கையாலேயே நடக்க விடுவதுதான் மொத்த விஷயமும். கையில் பிடித்துப் பார்த்த காயைத்தான் பிள்ளை வாயில் வைத்துப் பார்க்கத் துணிகிறது, இது நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒன்று.

எங்கே வாங்குவது

வாசலுக்கு வருகிற கீரைக்காரம்மாவை விட நல்ல ஆள் கிடையாது. கூடையை இறக்கி வைத்ததும் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். "எந்த ஊர்க் கீரைம்மா இது?" என்று பிள்ளைகள் காதில் விழும்படி கேளுங்கள், சொந்தக் கொல்லையில் போட்டதாக இருந்தால் பெருமையாகச் சொல்வார், மொத்தக் கடையில் எடுத்து வருகிறவராக இருந்தாலும் எந்தப் பக்கத்துச் சரக்கு என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. அரைக்கீரையை அறுத்துக் கட்டியிருப்பார்கள், அதில் வேர் இருக்காது. சிறுகீரையும் முளைக்கீரையும் பிடுங்கிக் கட்டுவது, நுனியில் செக்கச்செவேலென்று வேரும் அதில் ஈர மண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு வாங்கும்போது இந்த வேர்க் கட்டைத்தான் வாங்க வேண்டும். என் வீட்டுக்கு வரும் அம்மா ஒரு தண்டை உருவிச் சின்னவள் கையில் கொடுத்து, "மண்ணு இருக்கு பாரு கண்ணு, வாயில வைக்காத, அத்தை கழுவித் தருவாக" என்பார். இரண்டு வயசுப் பிள்ளைக்குக் கீரை மண்ணிலிருந்து வருகிறது என்று இதைவிடத் தெளிவாக யாரும் பாடம் நடத்த முடியாது.

அடுத்தது உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று இங்கே மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். அங்கே கடை போட அடையாள அட்டை வேண்டும், அதை விவசாயிக்குத்தான் கொடுப்பார்கள், அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். பேரம் பேசுகிற நேரம் மிச்சமாவதால் ஊர்க்கதை பேசலாம். "அண்ணே, எந்த ஊரு நீங்க?" "வாடிப்பட்டிப் பக்கம்மா." இந்த ஒரு வரி போதும், வீட்டுக்கு வந்ததும் அது வாடிப்பட்டித் தாத்தா வெண்டைக்காய் ஆகிவிடும். பிள்ளைகள் வெண்டைக்காயை மறந்தாலும் வாடிப்பட்டித் தாத்தாவை மறப்பதில்லை.

ஆனால் பிள்ளைகளைக் கூட்டமாகச் சந்தைக்கு அழைத்துப் போகாதீர்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும், காலைக் கூட்டத்தில் நம்மால் சமாளிக்க முடியாது. விடிந்ததும் நீங்கள் மட்டும் போய் வாங்கி வந்து, பையை ஃபிரிட்ஜில் வைக்காமல் அப்படியே கூடத்தில் வைத்திருங்கள். பிள்ளைகள் எல்லோரும் வந்த பிறகு பாயை விரித்து அதன்மேல் பையைக் கவிழ்க்க வேண்டும். தக்காளி உருண்டு ஓடும், ஒருவன் துரத்துவான், ஒருத்தி பூசணிக்கீற்றின் விதையைத் தோண்டுவாள், புடலங்காயை வைத்து எப்படியும் ஒரு சண்டை நடக்கும். பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள். அப்புறம் எதை எந்தக் கூடையில் போடுவது என்று பிரிக்கச் சொன்னால் அவர்களே எடுத்து வைத்துவிடுவார்கள்.

எந்த மாதத்தில் எது

காலண்டரைப் பார்த்துத் திட்டம் போடுவதை விட, சந்தையில் எது மலிந்து கிடக்கிறதோ அதை வாங்கினால் அதுதான் பருவத்துக் காய், பைக்கும் கட்டுப்படும். இருந்தாலும் எங்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன்.

தை மாதம்தான் பிள்ளைகளுக்குப் பெரிய மாதம். மொச்சைக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பனங்கிழங்கு, இலையோடு இருக்கிற மஞ்சள் கொத்து எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். மொச்சைக்காயை உரிக்கப் பிள்ளைகளால் தனியாக முடியாது, நகம் போதாது. காயின் ஓரத்தை நீங்கள் கீறிவிட்டால் மீதியைப் பிரித்துவிடுவார்கள். உரித்த மொச்சையை ராத்திரி ஊறப்போட்டுவிட்டுக் காலையில் பிதுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் தோல் கையில் நின்றுவிட்டுப் பருப்பு சொய்யென்று வெளியே பாயும். கிண்ணத்தில் விழுவது பாதி, சுவரில் அடிப்பது பாதி. சிரிப்புத் தாங்காது. மூன்று வயசுக்கு மேற்பட்டவர்களை மட்டும் இதில் உட்காரவையுங்கள், நீங்கள் நகரவே கூடாது, ஏனென்றால் இந்த வயசில் பருப்பு மூக்குக்குள் போக ஒரு நொடி போதும். அன்றைக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்தால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். ஓட்டோடு இருக்கும் புளியம்பழம் நாலு கிடைத்தால் வாங்கி, ஓட்டை அவர்களே நொறுக்கட்டும். நாக்கில் தொட்டதும் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். சித்திரையில் நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, பின்னாலேயே அழகர்கோவில், நத்தம் பக்கத்து மாம்பழம். ஆடியில் நாவல்பழம், தின்றதும் எல்லோரையும் கண்ணாடி முன்னால் நிறுத்தி நாக்கை நீட்டச் சொல்லுங்கள், கொட்டையை மட்டும் நீங்கள் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். கொய்யா என்றால் ஆயக்குடி, வாழை என்றால் சிறுமலை, பன்னீர் திராட்சை என்றால் கம்பம். இந்த ஊர்ப் பெயர்களை எல்லாம் பழத்தோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். மழைக் காலத்தில் அதலைக்காய் வரும். அதன் கசப்புக்கு எந்தப் பிள்ளையும் தின்னாது, பரவாயில்லை, விரல் நுனி அளவே இருக்கும் காயைத் தொட்டுப் பார்க்கட்டும், தின்பது நமக்கு.

கைக்கு வேலை

ஒரு வயசுப் பிள்ளைக்குப் பெரிய பூசணிப் பிஞ்சு ஒன்றை உருட்டக் கொடுத்தால் போதும், கொத்தமல்லியைக் கசக்கி மூக்கருகே காட்டினால் போதும். இரண்டு வயசில் கறிவேப்பிலை உருவுவார்கள், முருங்கைக்கீரை உருவுவார்கள். முருங்கைக்கீரையில் பாதி காம்பும் சேர்ந்துதான் வரும், அதை வைது திருத்த வேண்டாம், அவர்கள் போனபிறகு நாம் பொறுக்கிக்கொள்ளலாம். மூன்று வயசில் பச்சைப் பட்டாணி உரிக்கலாம், பழுத்த வாழைப்பழத்தைக் கரண்டிக் காம்பால் துண்டு போடலாம், எலுமிச்சை பிழியலாம், கேழ்வரகு மாவைப் பிசைந்து கொழுக்கட்டை பிடிக்கலாம். விரல் தடம் பதிந்த பிடிகொழுக்கட்டையை வேகவைத்து எடுத்ததும் ஒவ்வொருவனும் தன்னுடையதை அடையாளம் கண்டுபிடித்துவிடுவான், அடுத்தவனுடையதைத் தொடவிட மாட்டான்.

நாலு வயசுக்காரர்களுக்கு நான் வைத்திருக்கும் வேலை வாழைப்பூ. மடலை ஒவ்வொன்றாகப் பிரித்தால் உள்ளே சீப்பு சீப்பாகப் பூ அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பூவிலும் வளையாத தண்டாக, தலை பருத்து, வேகாத நரம்பு ஒன்று நிற்கும், அதற்குக் கள்ளன் என்று பெயர். "கள்ளனைப் பிடி" என்று சொல்லிவிட்டால் ஒரு மணி நேரம் சத்தமே வராது. கறை பிடிக்கும் என்பதால் கையில் முதலில் நல்லெண்ணெய் தடவிவிடுங்கள், பழைய சட்டை போட்டுவிடுங்கள். வெளி மடல்களைத் தூக்கிப் போடாதீர்கள், தண்ணீர்த் தொட்டியில் படகாக மிதக்கும்.

இதெல்லாம் கூடத்தில் பாய் விரித்துத்தான். அடுப்படிப் பக்கம் யாரும் வரக்கூடாது, அரிவாள்மனையும் கத்தியும் கை எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், இதில் பேச்சே கிடையாது.

ஒரு தொட்டி போதும்

மாடித்தோட்டம் வைக்க இடமிருந்தால் நல்லது, தோட்டக்கலைத் துறையில் மானிய விலைக் கிட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இடமில்லாவிட்டால் கவலை வேண்டாம். ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் டப்பில் ஒரு சாண் உயரம் மண் போட்டு அஞ்சறைப்பெட்டி வெந்தயத்தைத் தூவுங்கள். மூன்று நாலு நாளில் முளைக்கும், மூன்று வாரத்தில் கிள்ளலாம். சின்னப் பிள்ளைகளின் பொறுமைக்கு இதுதான் அளவு. ஆடிப்பட்டத்தில் அவரையும் புடலையும் போட்டுப் பந்தல் ஏற்றலாம், ஆனால் அது நமக்கான சந்தோஷம். காய் வருவதற்குள் பிள்ளைகளுக்கு அது மறந்துபோகும், நடுவில் புடலம்பூ பூக்கும்போது மட்டும் காட்டுங்கள், நூல் நூலாகப் பிரிந்திருக்கும் அந்த வெள்ளைப் பூவைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடையில் விற்கும் விதைப் பாக்கெட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. சில விதைகள் ரோஸ், பச்சை என்று நிறமேறியிருக்கும், அது பூஞ்சைக்கு மருந்து தடவிய விதை. சமையலறை வெந்தயம், கொத்தமல்லி, பாசிப்பயறு, கடுகு என்று இருந்தால் வாயில் போட்டாலும் பயமில்லை. சாணத்தைப் பச்சையாகப் போடாமல் நன்றாக மக்கிய எருவாகப் போடுங்கள். தண்ணீர் ஊற்ற மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலைக் கொடுங்கள், டம்ளரைக் கொடுத்தால் ஒரே நாளில் வெந்தயம் மிதந்துவிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும், தினமும் கவிழ்த்துவிடுங்கள்.

மதுரை வெயிலில் சித்திரை, வைகாசியில் தொட்டிக்கீரை கருகத்தான் செய்யும். அப்போது தொட்டியை ஓரங்கட்டிவிட்டு முளைகட்டலாம். பாசிப்பயறை ராத்திரி ஊறவைத்துக் காலையில் துணியில் முடிந்து தொங்கவிட்டால் மறுநாள் வால் விட்டிருக்கும். பிள்ளைகளுக்கு அதைப் பச்சையாகக் கொடுக்காமல் வேகவைத்துக் கொடுங்கள், முளைகட்டிய பயறில் கிருமி பெருக வாய்ப்பு அதிகம்.

தொட்டியில் யாரும் விதைக்காமலே மணத்தக்காளி முளைக்கும், குருவி போட்ட விதை. பிடுங்க வேண்டாம். கறுத்துப் பழுத்த பழத்தைத் தின்னலாம், பச்சைக் காயை மட்டும் பறித்து வாயில் போடக்கூடாது. இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. செடியிலிருந்து பறித்துத் தின்னலாம் என்று நாம்தான் பழக்குகிறோம், அந்தப் பிள்ளைக்கு மணத்தக்காளிக்கும் விஷமுள்ள அரளி, ஆமணக்குக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு சட்டம்: அத்தையிடம் காட்டாமல் எந்த இலையும் எந்தக் காயும் வாய்க்குப் போகக்கூடாது. தின்னக்கூடியது என்று நன்றாகத் தெரிந்த கொத்தமல்லியைக்கூட ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்து காட்ட வையுங்கள். உங்கள் வாசலிலோ பக்கத்து வீட்டிலோ அரளி, ஊமத்தை, ஆமணக்கு இருந்தால் பிள்ளைகள் விளையாடும் பக்கத்தை மாற்றுங்கள். மழை நாளில் முருங்கை மரத்தடியும் வேண்டாம், கம்பளிப்பூச்சி விழும்.

தட்டில்

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து டப்பாவில் வந்துவிடும், அதில் நாம் கைவைக்க முடியாது. நம் கையில் இருப்பது பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் கொடுக்கிற தீனி. அங்கே பிஸ்கட்டை எடுத்துவிட்டு வேகவைத்த சர்க்கரைவள்ளி, சோளக்கருது, கொய்யா, வெள்ளரி என்று மாற்றுங்கள். முதலில் நாலு மணித் தீனியை மட்டும் மாற்றினால் போதும், அப்போதுதான் நல்ல பசியில் இருப்பார்கள்.

எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது நம் பாடு. எவ்வளவு தின்பது என்பது பிள்ளையின் பாடு. "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று துரத்துவது, ஃபோனைக் காட்டி ஊட்டுவது இரண்டும் வேண்டாம். புதுக் காயைத் தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை வையுங்கள், தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள், நாலு நாள் கழித்துத் திரும்ப வையுங்கள். பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகுதான் சில பிள்ளைகள் ஒரு காயை ஏற்றுக்கொள்ளும். கூடச் சேர்ந்து நீங்களும் தின்ன வேண்டும். நாம் பாகற்காயை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்களிடம் நல்லது என்றால் நம்பமாட்டார்கள்.

கீரையை அரைத்துத் தோசை மாவில் ஒளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தோசைக்குப் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டுச் சுடுங்கள், இலையைப் போட்டுக் கலக்குவதை அவர்களே செய்யட்டும்.

நாலைந்து வயசு வரை முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு எதுவும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். திராட்சையை விதை எடுத்து நீளவாக்கில் நாலாகக் கீறுங்கள், கேரட்டை வேகவையுங்கள், நுங்கு வழுக்கும் என்பதால் தோலெடுத்து மசித்துக் கொடுங்கள். எல்லாமே உட்கார்ந்துதான் தின்ன வேண்டும், ஓடிக்கொண்டு கூடாது. ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கக்கூடாது, அது எந்த மலைத்தேனாக இருந்தாலும் சரி.

அம்மா அப்பாவிடம்

சேர்க்கும் அன்றைக்கே எதெது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்: நிலக்கடலை, எள், முட்டை, பால், மீன், இறால். ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடிய எதையும் முதல் தடவை வீட்டில் கொடுத்துப் பார்த்த பிறகுதான் நாம் கொடுப்போம் என்றும் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் கூட்டிப் போகும்போது, "அக்கா, இவன் வீட்ல கீரையைத் தொடவே மாட்டான்" என்று சொல்கிற அம்மாவிடம் அன்றைக்கு ஆய்ந்த கீரையில் ஒரு பிடியைப் பையில் போட்டுக் கொடுத்தால், அவன் ஆய்ந்தது என்று ராத்திரி வீட்டில் அதற்குத் தனி மரியாதை கிடைக்கும்.

ஊருக்குப் போகிறவர்களைச் சும்மா விடாதீர்கள். மதுரையில் யாரை எடுத்தாலும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று ஒரு பக்கம் தாத்தா பாட்டி இருப்பார்கள். திருவிழாவுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பிடி நெற்கதிர், ஒரு கம்பங்கதிர் கொண்டுவரச் சொல்லுங்கள், வரமுடியாத தாத்தாவிடம் வயலில் நின்று வீடியோ கால் போடச் சொல்லுங்கள். கடலை பிடுங்குகிற நேரமாக இருந்தால் வேரோடு ஒரு செடி கட்டாயம் வேண்டும். கடலை மண்ணுக்குள்ளே இருக்கிறது என்பதைப் பெரியவர்களிலேயே பல பேர் நேரில் பார்த்ததில்லை. செடியைப் பாயில் வைத்து மண்ணை உதிர்த்து, பிள்ளைகளே காயைப் பறித்து எடுக்கட்டும், ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று இருந்தாலும் அன்றைக்குக் கடலை வீட்டுக்குள் வராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பறித்ததை உப்புப் போட்டு அவித்து, சின்னவர்களுக்கு நன்றாக மசித்துக் கொடுங்கள், ஐந்து வயசு தாண்டிய அண்ணன் அக்காக்களுக்கு ஓட்டோடு கொடுங்கள், ஓட்டைக் கூட்டி அள்ளுகிற வேலை எப்படியும் நமக்குத்தான்.